டைரக்டருக்கு எழுதும் மனுவை யார் படிக்கிறார்கள்?

எங்கள் ஊரில் திங்கட்கிழமை காலையில் கலெக்டர் ஆபீஸ் மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பட்டா மாற்றமோ, முதியோர் பென்ஷனோ, தெருவிளக்கோ, எதுவானாலும் ‘உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு’ என்றுதான் தொடங்கும். கலெக்டர் வாங்கிப் பார்த்து ஓரத்தில் ஒரு வரி எழுதித் தள்ளுவார், அது தாசில்தாருக்கோ பி.டி.ஓ.வுக்கோ போய்விடும். அப்பா சொல்வார்: “கலெக்டர் பேரைப் போடு, ஆனா தாசில்தார் படிப்பார்னு நினைச்சு எழுது.” அதை அப்போதே காதில் வாங்கியிருந்தால் அமெரிக்கக் காப்புரிமை வேலையில் முதல் இரண்டு வருடம் நான் பட்ட அசிங்கத்தில் பாதியாவது குறைந்திருக்கும்.

நான் சென்னையில் இருந்துகொண்டு அமெரிக்க அட்டர்னிகளுக்காக டிராஃப்ட் போட்டுத் தரும் வேலையில் பதினோரு வருடமாக இருக்கிறேன். காப்புரிமை அலுவலகத்துக்கான பதில்களை நாங்கள் தயார் செய்வோம், அங்கே அவர்கள் திருத்திக் கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள். என் கையெழுத்து எந்தக் காகிதத்திலும் இருக்காது. தப்பு மட்டும் என்னுடையதாக இருக்கும். இந்த வேலையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும், அமெரிக்காவில் விண்ணப்பம் போட்டுவிட்டு வக்கீல் ‘பெட்டிஷன் ஃபைல் பண்ணணும்’ என்றதும் தலையைச் சொறிபவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன்.

முதல் அடி ஒரு மருத்துவப் பம்ப் கேஸில் விழுந்தது. எக்ஸாமினர் என்பவர் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அலுவலர், ‘ஆபீஸ் ஆக்‌ஷன்’ என்பது அவர் ஆட்சேபங்களை எழுதி அனுப்பும் கடிதம், ‘ஃபைனல்’ என்றால் இறுதி நிராகரிப்பு. இரண்டாவது ஆபீஸ் ஆக்‌ஷனிலேயே எக்ஸாமினர் ‘ஃபைனல்’ போட்டுவிட்டார், அதுவும் முதல் சுற்றில் காட்டாத, வேறொருவரின் பழைய காப்புரிமை ஒன்றை எடுத்துக் காட்டி. அங்கே உள்ள விதிப்படி இரண்டாவது ஆக்‌ஷனை ஃபைனல் ஆக்கலாம்தான். ஆனால் எக்ஸாமினர் கொண்டுவரும் புதிய காரணம் நம்முடைய திருத்தத்தால் வந்ததாக இருக்கவேண்டும், அல்லது நாமே தாமதமாகக் கட்டணம் கட்டிக் கொடுத்த முன்கலைப் பட்டியலிலிருந்து (ஏற்கெனவே வெளிவந்த காப்புரிமை, கட்டுரைகளின் பட்டியல்) வந்திருக்கவேண்டும். இரண்டும் இல்லையென்றால் அந்த ஃபைனல் அவசரப்பட்டது, அதை நீக்கச் சொல்லி விதி 1.181-ன் கீழ் காப்புரிமை அலுவலகத்தின் தலைவரான டைரக்டருக்கு மனு போடலாம், கட்டணம் கிடையாது. எனக்கு ஒரே கொண்டாட்டம். ஒன்பது பக்கம் எழுதினேன். அதில் ஏழு பக்கம் அந்தப் பழைய காப்புரிமையில் எங்கள் வால்வு எப்படி இல்லவே இல்லை என்ற விளக்கம். காப்புரிமை அலுவலகத்தின் தலைவரே படிக்கப்போகிறார் என்ற நினைப்பில் முன்னுரை வேறு.

மூன்று மாதம் கழித்து வந்த பதிலின் அடியில் கையெழுத்து ‘டைரக்டர்’ என்றுதான் இருந்தது, ஆனால் அந்த டைரக்டர் இல்லை. அந்த அலுவலகத்தில் எக்ஸாமினர்கள் தொழில்நுட்ப மையங்களாகப் பிரிந்திருக்கிறார்கள். உயிரித் தொழில்நுட்பம் 1600, கம்ப்யூட்டர் கட்டமைப்பு 2100, மருத்துவக் கருவியும் இயந்திரமும் 3700 என்று எண் வைத்து அழைப்பார்கள். ஒவ்வொரு மையத்துக்கும் டைரக்டர்கள் உண்டு. எக்ஸாமினரின் நடைமுறை மீது வரும் குறை, அதாவது ஃபைனல் அவசரமானதா, ஃபைனலுக்குப் பின் கொடுத்த திருத்தத்தை ஏற்க மறுத்தது சரியா, கிளெய்ம்களை (கண்டுபிடிப்பில் எதற்கு உரிமை கேட்கிறோம் என்று எண் போட்டு எழுதும் வாக்கியங்களை) பிரிக்கச் சொன்னது நியாயமா போன்றவையெல்லாம் இவர்கள் மேசைக்குத்தான் போகும். மொத்த அலுவலகத்துக்கும் தலைவரான டைரக்டர் தன் அதிகாரத்தைப் பகிர்ந்து கொடுக்கலாம் என்று அதே 1.181-ன் (ஜி) பிரிவிலேயே எழுதியிருக்கிறது. நான் (ஏ)வைப் படித்துவிட்டு எழுத உட்கார்ந்த ஆள்.

பதில் என்ன தெரியுமா? என் ஏழு பக்கத்துக்கு ஒரே வாக்கியம்: நிராகரிப்பின் தகுதி பற்றிய வாதம் மேல்முறையீட்டுக்கு உரியது, மனுவில் பரிசீலிக்கப்படாது. மீதி இரண்டு பக்கத்துக்கு அரைப் பக்கப் பதில். முந்தைய பதிலில் நாங்கள் கிளெய்ம் ஒன்றில் ‘நெகிழ்வான’ என்று ஒரு சொல் சேர்த்திருந்தோமாம், அந்தச் சொல்லுக்காகத்தான் அந்தப் பழைய காப்புரிமை தேடி எடுக்கப்பட்டதாம். எடுத்துப் பார்த்தேன். சேர்த்திருந்தோம். சேர்த்தது நான்.

இதில் நான் கற்றதைக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும், ஏனென்றால் பெரும்பாலான மனுக்கள் வீணாவது இந்த இடத்தில்தான். ‘உன் கண்டுபிடிப்பு புதிதல்ல, துறையில் இருப்பவர் யாருக்கும் எளிதில் தோன்றக்கூடியது’ என்று எக்ஸாமினர் சொன்னால் அது கிளெய்மின் உயிரைப் பற்றிய பேச்சு, அதற்கு மேல்முறையீட்டு வாரியம் இருக்கிறது, அங்கே நிர்வாகக் காப்புரிமை நீதிபதிகள் மூன்று பேர் உட்கார்ந்து கேட்பார்கள். ‘படம் சரியில்லை, ஆக்‌ஷனை ஃபைனல் ஆக்கிவிட்டேன், கிளெய்மைப் பிரி’ என்றால் அது நடைமுறை, அதற்குத்தான் மனு. ஒன்றை இன்னொன்றின் வாசலில் கொண்டுபோய் வைத்தால் இரண்டு பேரும் வாங்கமாட்டார்கள். நம்மில் பலர், நானும்தான், ‘அவர் ஃபைனல் போட்டது தப்பு, ஏனென்றால் அவர் சொன்ன காரணமே தப்பு’ என்று இரண்டையும் பிசைந்து ஓர் உருண்டையாகக் கொடுத்துவிடுகிறோம். மையத்து டைரக்டரிடம் காரணம் சரியா தப்பா என்று கேட்கவே கூடாது. காரணம் எப்போது வந்தது, எதனால் வந்தது, அவ்வளவுதான் கேள்வி. தேதி, எந்த வரியைத் திருத்தினோம், எந்தப் பக்கத்தில் புதிய காரணம், என்ன வேண்டும் என்று எழுதினால் இரண்டு பக்கம் தாண்டாது. விதியும் அதைத்தான் கேட்கிறது: நடந்தது என்ன, எந்தப் புள்ளியைப் பார்க்கவேண்டும், என்ன செய்யவேண்டும்.

அந்தக் கேஸ் செத்துப்போகாமல் இருந்தது அட்டர்னியின் புண்ணியம். மனு போட்டுவிட்டோமே, கடிகாரம் நின்றிருக்கும் என்று நான் நிம்மதியாக இருந்தேன். நிற்காது. மனு போட்டதால் மட்டும் பதில் கெடு நின்றுவிடாது என்று 1.181 (எஃப்) வெளிப்படையாகச் சொல்கிறது. அவர் என்னிடம் சொல்லாமலே கெடுவுக்குள் மேல்முறையீட்டு நோட்டீஸ் போட்டுக் கட்டணம் கட்டிவைத்திருந்தார். ஏன் ஆர்.சி.இ. (கட்டணம் கட்டிப் பரிசீலனையைத் தொடரக் கேட்கும் கோரிக்கை) போடவில்லை என்று அப்புறம் கேட்டேன். ஆர்.சி.இ. போட்டால் ஃபைனல் என்பதே நீங்கிவிடும், பிறகு ஃபைனலை நீக்கு என்ற மனுவில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்றார். அதே (எஃப்) பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. குறைக்குக் காரணமான ஆக்‌ஷனின் தேதியிலிருந்து இரண்டு மாதத்துக்குள் மனு போடவேண்டும், இல்லையென்றால் காலம் கடந்தது என்று தள்ளலாம், இந்த இரண்டு மாதத்தைப் பணம் கட்டி நீட்டவும் முடியாது. நீட்டிப்பு வாங்கியே பழகிய கை நமக்கு. இந்த இடத்தில் அது உதவாது.

இப்போதெல்லாம் மையத்து மனு போடுவதற்கு முன்னால் அட்டர்னியை எக்ஸாமினருக்கும், தேவைப்பட்டால் அவருடைய சூப்பர்வைசருக்கும் போன் போடச் சொல்கிறேன். மனுவாகப் போனால் பல வாரம் ஆகும் விஷயம் சில சமயம் பத்து நிமிடத்தில் தீர்ந்திருக்கிறது. கௌரவம் பார்க்காமல் செய்யவேண்டிய வேலை அது.

இரண்டாவது அடி இதைவிடப் பெரியது, அதற்கும் முழுக் காரணம் நாங்கள்தான். ஆபீஸ் ஆக்‌ஷன் தேதி 04/07 என்று டாக்கெட்டில், அதாவது கெடுக்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டில், ஏறவேண்டும். அமெரிக்கக் கணக்கில் அது ஏப்ரல் 7. புதிதாகச் சேர்ந்த பையன் ஜூலை 4 என்று எடுத்துக்கொண்டான் (அன்று அமெரிக்காவில் அரசு விடுமுறை, எந்த அலுவலகமும் கடிதம் அனுப்பியிருக்காது, அதுகூட எங்கள் ஒருவருக்கும் உறைக்கவில்லை). மூன்று மாதக் கெடு ஜூலை 7-ல் முடிந்தது, எங்கள் டாக்கெட்டில் அக்டோபர் 4 என்று இருந்தது. வாடிக்கையாளர் கொஞ்சம் இழுத்தார், ஒரு மாத நீட்டிப்புக் கட்டிக்கொள்ளலாம் என்று அக்டோபர் 28-ல் பதிலை அனுப்பினோம். சட்டம் தரும் அதிகபட்ச ஆறு மாதம் அக்டோபர் 7-லேயே முடிந்துபோயிருந்தது. விண்ணப்பம் கைவிடப்பட்டது என்று நோட்டீஸ் வந்தது. கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும் தேதி அக்டோபர் 8 இல்லை, ஜூலை 8. நீட்டிப்பு செல்லாமல் போனால் முதல் கெடுவுக்கே திரும்பிப் போய்விடும்.

எங்கள் மேலாளர் உடனே ‘கைவிட்டதாக அறிவித்ததை ரத்து செய்’ என்ற மனுவைப் போடச் சொன்னார், அதற்குக் கட்டணம் இல்லை என்பதால். அது வேறு சாமான். நாம் ஒழுங்காகத்தான் இருந்தோம், விண்ணப்பம் கைவிடப்படவே இல்லை என்று நிரூபிக்க முடிந்தால்தான் அது. உதாரணமாக ஆபீஸ் ஆக்‌ஷன் நம் கைக்கு வரவே இல்லை என்றால், கோப்பையும் டாக்கெட்டையும் தேடிப் பார்த்தோம் என்ற வாக்குமூலம், வந்திருந்தால் எந்த இடத்தில் பதிவாகியிருக்குமோ அந்த டாக்கெட் பக்கத்தின் நகல், நம் டாக்கெட் முறை எப்படி இயங்குகிறது என்ற விளக்கம் எல்லாம் வைக்கவேண்டும். 1971-ல் டெல்கார் என்ற நிறுவனம் கமிஷனர் ஷைலர் மீது போட்ட வழக்கிலிருந்து வரும் வழி அது. எங்கள் டாக்கெட் நகலை வைத்திருந்தால் அதில் எங்கள் தப்புதான் பளிச்சென்று தெரிந்திருக்கும்.

எங்களுக்கு இருந்த ஒரே வழி விதி 1.137-ன் கீழ் உயிர்ப்பிக்கச் சொல்லும் மனு. இது மையத்துக்குப் போகாது, ‘ஆபீஸ் ஆஃப் பெட்டிஷன்ஸ்’ என்று தனிப் பிரிவே இருக்கிறது, அங்கே அட்டர்னிகள் படிப்பார்கள். இவர்களுக்கு நம் வால்வும் பம்பும் முக்கியமில்லை. விட்டுப்போன பதில் வந்ததா, கட்டணம் வந்ததா, தாமதம் முழுவதும் வேண்டுமென்றே செய்ததல்ல என்ற வாக்கியம் இருக்கிறதா, அதைச் சொல்ல உரிமை உள்ளவர் கையெழுத்துப் போட்டாரா என்றுதான் பார்ப்பார்கள். கட்டணம் பெரிய நிறுவனத்துக்கு 2,000 டாலருக்கு மேல். சிறு நிறுவனம் என்றால் 60 சதவீதம் குறையும். பழைய நாளில் ‘தவிர்க்க முடியாத தாமதம்’ என்று குறைந்த கட்டணத்தில் ஒரு வழி இருந்தது, 2013 டிசம்பர் 18-லிருந்து அது கிடையாது.

நான் வழக்கம்போல மூன்று பக்கத்தில் தேதிக் குழப்பம், புதுப் பையன், எங்கள் வருத்தம் என்று உருகி எழுதியிருந்தேன். அட்டர்னி முழுவதையும் அடித்துவிட்டு அலுவலகத்தின் படிவத்தை மட்டும் நிரப்பினார். இரண்டு வருடத்துக்குள் போடும் மனுவுக்குப் பொதுவாக அந்த வாக்கியமே போதும். இரண்டு வருடம் தாண்டினால்தான் கதை சொல்லவேண்டும் என்று 2020 மார்ச்சில் அலுவலகமே அறிவிப்புப் போட்டு விளக்கியிருக்கிறது. ஆனால் என் மூன்று பக்கத்தை அவர் தூக்கிப்போடவில்லை, யாராவது கேட்டால் பதில் சொல்லக் கோப்பில் வைத்துக்கொண்டார். கையெழுத்துப் போடுமுன் போனில் என்னை முக்கால் மணி நேரம் குடைந்தார். யார் எப்போது கவனித்தது, கவனித்த அன்றே சொன்னீர்களா, வாடிக்கையாளர் வேண்டாம் என்று எப்போதாவது சொன்னாரா. விசாரித்துத் தெரிந்துகொள்ளாமல் அந்த வாக்கியத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டால் அவருடைய லைசென்ஸுக்கே வினை.

இந்த ‘தாமதம் முழுவதும்’ என்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. பதில் கெடுவைத் தவறவிட்டது மட்டுமல்ல, அதற்குப் பிறகு மனு போடும்வரை ஆன ஒவ்வொரு நாளும் அதில் அடக்கம். எங்கள் வாடிக்கையாளர் “செத்தது செத்துடுச்சு, அடுத்த காலாண்டு பட்ஜெட் வந்ததும் பார்த்துக்கலாமா சார்?” என்று கேட்டார். அப்படிக் காத்திருந்தால் அது தெரிந்தே செய்த தாமதம், பிறகு எந்த முகத்தோடு அந்த வாக்கியத்தை எழுதுவது? ஒரே வாரத்தில் பணம் புரட்டினார். மனு ஏற்கப்பட்டது. உத்தரவு ஒரு பக்கம்கூட இல்லை.

இப்போது யாருமே படிக்காத மனுக்களுக்கு வருகிறேன். கண்டுபிடிப்பாளர்களில் ஒருவருக்கு 65 வயது ஆகியிருந்தால் விண்ணப்பத்தை முன்னுரிமையில் எடுக்கச் சொல்லி மனு போடலாம், கட்டணம் இல்லை. இதை இணையத்திலேயே இ-பெட்டிஷனாகப் போட முடியும். முதல் முறை ஒரு எழுபத்தொரு வயதுப் பெரியவருக்காக அட்டர்னி இதைப் போட்டபோது நானும் ஜூனியர் ஒருத்தியும் திரைப் பகிர்வில் பார்த்துக்கொண்டிருந்தோம். பொத்தானை அழுத்தினார், டீ ஒரு வாய் குடிப்பதற்குள் அனுமதி உத்தரவு வந்துவிட்டது.

“யார் சார் இவ்ளோ சீக்கிரம் படிச்சாங்க?”

“யாரும் படிக்கலம்மா.”

கேட்ட கட்டங்கள் நிரம்பியிருந்தால் கணினியே உத்தரவு போட்டுவிடும். வக்காலத்திலிருந்து விலகுவது, காப்புரிமை வழங்குவதற்கான கட்டணம் கட்டிய பிறகு ஆர்.சி.இ.யோடு விண்ணப்பத்தை வழங்கல் வரிசையிலிருந்து திரும்ப எடுப்பது என்று இன்னும் சிலவும் இப்படி உண்டு. யாரும் படிக்கவில்லை என்பதால் சும்மா நிரப்பலாம் என்று அர்த்தமில்லை, பொய் இருந்தால் பின்னாளில் வழக்கில் எதிராளி படிப்பார். அதனால் அந்தப் பெரியவரின் பாஸ்போர்ட் நகலைக் கோப்பில் போட்டுவைத்திருக்கிறோம்.

இதைவிட வேடிக்கை நாங்கள் வாரத்துக்கு நாலு போடும் ‘பெட்டிஷன் ஃபார் எக்ஸ்டென்ஷன் ஆஃப் டைம்’. பேரில் மட்டும்தான் மனு. 1.136 (ஏ)வில் பணம் கட்டினால் நேரம் கிடைத்துவிடும், அனுமதிக்கவும் மறுக்கவும் எதிரே ஆள் இல்லை. பக்கத்திலேயே இருக்கும் (பி) அப்படியில்லை, அதற்குக் காரணம் சொல்லவேண்டும், ஒருவர் படித்து முடிவெடுப்பார். ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

கேஸ் மேல்முறையீட்டு வாரியத்தின் கைக்குப் போய்விட்டால் அங்கே எழும் நடைமுறைக் குறைக்கு மையத்தைக் கேட்டுப் பயனில்லை, வாரியத்தின் தலைமை நீதிபதிக்கு மனு. பெரிய டைரக்டரே படித்தே ஆகவேண்டும் என்று நீதிமன்றம் வரை போன விஷயமும் உண்டு. 2021 ஜூனில் ஆர்த்ரெக்ஸ் என்ற நிறுவனத்தின் வழக்கில், வாரியத்து நீதிபதிகளின் முடிவை மறுபரிசீலனை செய்யும் அதிகாரம் செனட் ஒப்புதலோடு வந்த டைரக்டருக்கு இருக்கவேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்போது பார்த்து டைரக்டர் நாற்காலி காலி. பொறுப்பில் இருந்த கமிஷனர் ட்ரூ ஹிர்ஷ்ஃபெல்ட் ஆர்த்ரெக்ஸின் கோரிக்கையைப் பார்த்து மறுத்தார். இவர் எப்படி முடிவெடுக்கலாம் என்று மறுபடி போனார்கள், எடுக்கலாம் என்று 2022 மே மாதம், காப்புரிமை மேல்முறையீடுகளைக் கேட்கும் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இவ்வளவு உயரத்தில்கூட, பலகையில் இருக்கும் பதவியும் பேனா பிடிக்கும் கையும் வேறு வேறாக இருந்திருக்கின்றன.

உத்தரவு வந்ததும் முதலில் பார்க்கவேண்டிய சொல் ஒன்று உண்டு. ‘டிஸ்மிஸ்டு’ என்று இருந்தால் பொதுவாக இன்னொரு வாய்ப்பு இருக்கிறது, குறையைச் சரிசெய்து இரண்டு மாதத்துக்குள் புதுப்பித்த மனு போடலாம். ‘டினைடு’ என்று இருந்து, இது அலுவலகத்தின் இறுதி முடிவு என்றும் எழுதியிருந்தால் அந்த வாசல் மூடியாயிற்று, மேலே போக நீதிமன்றம்தான். தமிழில் இரண்டையும் ‘தள்ளுபடி’ என்றே நான் வாடிக்கையாளருக்கு எழுதிவந்தேன், ஒருவர் டிஸ்மிஸ்டு வந்ததையே முடிவு என்று நினைத்து வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நல்லவேளை, அட்டர்னியின் ஆபீஸ் இரண்டு மாதம் முடிய ஆறு நாள் இருக்கும்போது கூப்பிட்டுக் கேட்டது.

அந்தப் பம்ப் கேஸுக்குப் பிறகு எங்கள் டீமில் மனு டிராஃப்ட்டின் தலையில் மஞ்சள் நிறத்தில் ஒரு வரி வைத்திருக்கிறோம்: ‘படிப்பவர்:’ என்று. அதற்கு எதிரே மையமா, பெட்டிஷன்ஸ் ஆபீஸா, வாரியமா, கணினியா என்று நிரப்பாமல் ஒருவரும் முதல் பத்தியைத் தொடக்கூடாது. அட்டர்னிக்கு அனுப்பும்போது அழித்துவிடுவோம். போன மாதம் ஜூனியர் அழிக்க மறந்துவிட்டாள், அந்த மஞ்சள் தமிழ் வரியோடு டிராஃப்ட் போய்விட்டது. இது என்ன எழுத்து, என்ன சொல்கிறது என்று அட்டர்னி மெயில் போட்டார். விளக்கினேன். இப்போது அந்த வரியை அழிக்காமலே அனுப்பச் சொல்லியிருக்கிறார், ஆங்கிலத்தில் போட்டால் போதுமாம்.